பட்டறைப் பக்கம்: கீ சுமக்காது, கூம்புதான் சுமக்கும்



சென்ற இதழில் ஸ்ரெயின்லஸ் ஸ்ரீலில் துளை போடும்போது ட்றில் ஏன் கருகிப் போகிறது என்று எழுதியிருந்தோம். இந்த முறை படகுப் புரொப்பெல்லர் தண்டின் கூம்பு முனையை லேத்தில் கடைவது பற்றி எழுதுகிறோம். பட்டறை வேலை தெரியாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் வாசியுங்கள். இதில் நாங்கள் விட்ட பிழை ஒன்றின் கதையும் இருக்கிறது.

நாங்கள் மூன்று தமிழர் வேலை செய்யும் பட்டறை நோர்வேயின் மேற்குக் கரையில், கடலோரமாக இருக்கிறது. மீன்பிடிப் படகுகளின் திருத்த வேலைதான் கூடுதலாக வரும். இரண்டு கணினி லேத்தும் ஒரு பழைய கை லேத்தும் உண்டு. நீளமான தண்டுகள் அந்தப் பழைய லேத்தில்தான் ஏறும். அதன் தலைப்பக்கத் துளை பெரியது. தண்டை உள்ளே விட்டுப் பின்பக்கத்தால் நீட்டி வைக்கலாம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம். கொட் மீன் முட்டையிடக் கரைக்கு வரும் காலம். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரையான இந்த நாட்களில் உழைப்பதை வைத்துத்தான் சின்னப் படகுக்காரர் பலர் வருடம் முழுவதும் சமாளிக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அறுபது வயது தாண்டிய மீனவர் ஒருவர் காரின் பின்னால் டிரெயிலரில் தண்டையும் புரொப்பெல்லரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். தனி ஆளாகப் பத்து மீற்றர் படகில் தொழிலுக்குப் போகிறவர். தண்டைப் பார்த்ததும் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது. நாலு மாதங்களுக்கு முன் இரவு வேலையில் நாங்கள் கடைந்து கொடுத்த தண்டு.

நடந்தது இதுதான். துறைமுகத்துக்குள் வந்து படகை நிறுத்தப் பின் கியர் போட்டிருக்கிறார். இஞ்சின் சத்தம் கூடியது, படகு நிற்கவில்லை. தண்டு சுழல்கிறது, புரொப்பெல்லர் சுழலவில்லை. அன்றைக்குக் காற்று இல்லை. படகு இறங்குதுறையில் முட்டி நின்றது. வெளிக்கடலில் பாறைக்குப் பக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போர்மன் வந்து பார்த்தார். அந்த இரவு யார் வேலை என்று புத்தகத்தைப் புரட்டினார். எங்கள் பெயர்கள். "பட்டன் அமத்துகிறவர்களிடம் கை லேத்தைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் ஒரு பக்கம். மற்றப் பக்கம், அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம்.

பட்டறையில் ஓய்வு பெற இருந்த ஒரு வயதான நோர்வேஜியக் கடைச்சல்காரர் இருந்தார். இந்த நாட்டில் போர்மனையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் எங்கள் தகப்பன்மாரை விட மூத்தவரைப் பெயர் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. எங்களுக்குள் அவரை 'அப்பு' என்றுதான் சொல்லுவோம். அப்பு ஒன்றும் பேசாமல் தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கீயின் இரண்டு பக்கமும் நசுங்கி உருண்டிருந்தது. கூம்பின் மேல் பழுப்பு நிறத் தூள் படிந்திருந்தது. "இது கீ உடைந்த கதை இல்லை. கூம்பு பிடிக்காத கதை" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். புரொப்பெல்லரின் நடுவில், வண்டிச் சில்லின் குடம் போல ஒரு குடம் இருக்கிறது. அதன் துளை கூம்பு. தண்டின் முனையும் கூம்பு. நட்டை இறுக்கும்போது குடம் கூம்பின் மேல் ஏறி, ஆப்பு இறுகுவதுபோல இறுகுகிறது. இஞ்சினின் முறுக்கு விசையைத் தண்டிலிருந்து குடத்துக்குக் கொண்டுபோவது அந்த இறுக்கத்தின் உராய்வுதான். கீ என்ற அந்தச் சின்னக் கட்டை ஒரு காவல் மட்டும். முழுப் பாரத்தையும் கீயின் தலையில் போட்டால், முன் கியர் பின் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது சுத்தியல் அடி வாங்கும். எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பெரிய கப்பல்கள் பலவற்றில் கீயே கிடையாது. எண்ணெய் அழுத்தத்தால் குடத்தை விரித்துக் கூம்பின் மேல் தள்ளி ஏற்றுகிறார்கள். கப்பல்களுக்குச் சான்று கொடுக்கும் வகைப்படுத்தல் சங்கங்கள் சேர்ந்து இதற்கு விதி எழுதியிருக்கின்றன. கீ இல்லாத பொருத்தலில் கூம்பின் சரிவு 1:15ஐ விடக் கூடக்கூடாது. குடமும் தண்டும் தொடும் பரப்பு 70 வீதத்துக்குக் குறையக்கூடாது. அதோடு, சுற்றிவர ஒரு வளையமாகவோ முழு நீளத்துக்கு ஒரு பட்டையாகவோ தொடாத இடம் இருக்கவும் கூடாது. எங்கள் மீனவரின் படகு சின்னதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான தொன் கப்பலைக் கொண்டுபோகிற அதே உராய்வுதான் அவருடைய படகையும் கொண்டுபோகிறது.

அப்பு தண்டின் கூம்பைச் சுத்தமாகத் துடைத்து, நீல மையை மிக மெல்லிதாகப் பூசினார். கீயைப் போடாமல் குடத்தை ஏற்றி, ஒரு சின்னத் திருப்புத் திருப்பிக் கழற்றச் சொன்னார். குடத்தின் உட்பக்கம் பெரிய முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு நீலம் ஒட்டியிருந்தது. மிச்ச இடமெல்லாம் பளபளப்பாகச் சுத்தமாக இருந்தது. அந்தத் தண்டு நாலு மாதமாக அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போய்வந்திருக்கிறது.

பிழை எங்கே வந்தது? ஐரோப்பாவில் சிறு படகுகளுக்கு வழக்கமான கூம்பு 1:10. ஐஎஸ்ஓ 4566 என்ற தரம் அதைச் சொல்கிறது. 10 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். உதாரணமாக 40 மி.மீ. தண்டில் 100 மி.மீ. நீளத்துக்குக் கூம்பு கடைந்தால் சின்ன முனை 30 மி.மீ. ஆகும். லேத்தின் மேல்சிலைட்டைத் திருப்ப வேண்டிய கோணம் இதில் பாதிக் கோணம். ஓஎல் கணக்கில் படித்த தான்சன் இங்கேதான் உதவுகிறது. தான்சன் 0.05 என்றால் கோணம் 2 பாகை 52 கலை. மேல்சிலைட்டின் அடியில் இருக்கும் அளவுகோட்டில் பாகைக்கு ஒரு கோடுதான் உண்டு. 3 பாகைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் என்று கண்ணால் பார்த்து இறுக்கினோம். அந்த மயிரிழையில்தான் எல்லாம் இருக்கிறது. 2 கலை பிசகினால் 100 மி.மீ. நீளத்தில் விட்டம் ஏறக்குறைய 0.12 மி.மீ. பிசகிவிடும். 2 கலை என்பது அந்தக் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துபோகிற அளவு.

இரண்டாவது பிழை, சூட்டோடு அளந்தோம். ஸ்ரெயின்லஸ் ஸ்ரீல் சூட்டில் நன்றாக விரியும். 40 மி.மீ. தண்டு 30 பாகை செல்சியஸ் சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 0.02 மி.மீ. கூடும். நேர்த் தண்டில் இது சின்னக் கணக்கு. ஆனால் 1:10 கூம்பில் விட்டத்துப் பிழை நீளத்தில் பத்து மடங்காகிறது. 0.02 மி.மீ. பிழைக்குக் குடம் 0.2 மி.மீ. தள்ளி நிற்கும். 0.1 மி.மீ. பிழைக்கு 1 மி.மீ. தள்ளி நிற்கும்.

மூன்றாவது பிழைதான் பெரியது. புரொப்பெல்லர் எங்களிடம் வரவில்லை. வரைபடம் மட்டும்தான் வந்தது. ஒத்துப் பார்க்கப் புரொப்பெல்லரைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இரவு வேலையில் இருக்கிற நாங்கள் யாரிடம் கேட்பது, கேட்டால் வேலை தெரியாதவர்கள் என்று நினைப்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டோம். வாய் திறக்கக் கூச்சப்பட்டதுக்கு விலை கொடுத்தவர் அந்த மீனவர்.

அந்த வெள்ளி பின்னேரம் அப்பு வீட்டுக்குப் போகவில்லை. புதுத் தண்டு ஒன்றை எடுத்து எங்களையே கடையச் சொன்னார். அவர் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். அன்று படித்ததை வரிசையாக எழுதுகிறோம்.

முதலாவது, தண்டைப் பிடிப்பது. நாலு தாடையும் தனித்தனியே அசைகிற சக்கில் பிடித்து, டயல் கேஜ் வைத்து, தண்டு சுழலும்போது ஊசி அசையாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கூம்பின் நடுவும் தண்டின் நடுவும் ஒன்றாக இல்லாவிட்டால் புரொப்பெல்லர் தள்ளாடும், படகு முழுக்க அதிரும். தலைப்பக்கத்துக்குப் பின்னால் நீண்டு நிற்கும் பகுதியையும் தாங்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் கூடியதும் அது சாட்டை போல வீசும். ஆளையே அடித்துவிடும்.

இரண்டாவது, ரெயில்ஸ்ரொக்கை நகர்த்திக் கூம்பு கடையும் முறையை இங்கே மறந்துவிட வேண்டும். 2 மீற்றர் தண்டுக்கு 1:10 கூம்பு வேண்டுமென்றால் 100 மி.மீ. நகர்த்த வேண்டிவரும். எந்த ரெயில்ஸ்ரொக்கும் அவ்வளவு நகராது. மேல்சிலைட்டைத் திருப்பித்தான் கடைய வேண்டும், அல்லது கூம்பு கடையும் துணைக்கருவி வேண்டும்.

மூன்றாவது, கோணம் வைப்பது. அளவுகோட்டை நம்பக்கூடாது. நேராக இருப்பது உறுதியான ஒரு தண்டைச் சக்கில் பிடித்து, மேல்சிலைட்டில் டயல் கேஜைப் பூட்டி, அதன் முனையைத் தண்டின் நடு உயரத்தில் தொட வைக்க வேண்டும். மேல்சிலைட்டை 50 மி.மீ. நகர்த்தினால் ஊசி 2.50 மி.மீ. காட்ட வேண்டும். சரியாகக் கணக்குப் பார்த்தால் 2.497. கைப்பிடியின் தளர்வை முதலே எடுத்துவிட்டு, தோல் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டிக் கொண்டுவர வேண்டும். எங்களுக்கு அன்று இதற்கு மட்டும் முக்கால் மணித்தியாலம் போனது. நல்ல பழைய தண்டு கையில் இருந்தால் இன்னும் லேசான வழி இருக்கிறது. பழைய கூம்பையே சக்கில் பிடித்து, மேல்சிலைட் ஓடும்போது ஊசி அசையாதவரை திருப்பினால் போதும்.

நாலாவது, உளியின் முனை தண்டின் நடு உயரத்தில் சரியாக நிற்க வேண்டும். மேலோ கீழோ நின்றால், வைத்த கோணம் ஒன்று, கிடைக்கும் கூம்பு வேறொன்று.

ஐந்தாவது, கடைவது. எங்கள் லேத்தின் மேல்சிலைட்டுக்குத் தானோட்டம் இல்லை. கையால்தான் சுற்ற வேண்டும். இரண்டு கையையும் மாற்றி மாற்றி, நிற்காமல் சுற்ற வேண்டும். கை நின்ற இடத்தில் ஒரு வளையம் விழும். ஸ்ரெயின்லஸ் ஸ்ரீலில் உளி வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிக் கடினமாகிவிடும், அடுத்த வெட்டு அதன் மேல் வழுக்கும். ஆகவே கூரான உளி, துணிந்த வெட்டு, நிறையக் குளிர் எண்ணெய். கடைசி அரை மி.மீ. இருக்கும்போது நிறுத்தி, தண்டு ஆறும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். அப்பு அந்த நேரத்துக்கென்றே காப்பிப் போத்தல் கொண்டுவந்திருந்தார்.

ஆறாவது, நீலம். டயல் கேஜால் 0.01 மி.மீ. வரை வாசித்து வைத்த கோணத்திலும், 100 மி.மீ. கூம்பில் விட்டம் 0.04 மி.மீ. பிசக இடமிருக்கிறது. மிச்சத்தை நீலம்தான் சொல்லும். பெரிய முனையில் மட்டும் தொட்டால் தண்டின் கூம்பு கூடச் சரிவு, கோணத்தைக் குறைக்க வேண்டும். சின்ன முனையில் மட்டும் தொட்டால் கூட்ட வேண்டும். மையைத் தடிப்பாகப் பூசினால் எல்லா இடமும் தொட்டதுபோலப் பொய் சொல்லும். அரைக்கும் பசை போட்டுத் தேய்த்துச் சரிப்படுத்துகிறவர்களும் உண்டு. கோணம் பிழையான கூம்பை அப்படித் தேய்த்தால் குடம் நிற்கும் இடத்தில் ஒரு படி விழுந்துவிடும்.

நாங்கள் நாலு தடவை நீலம் பூசிப் பார்த்தோம். முதல் தடவை பாதி. இரண்டாம் தடவை கூட்டிவிட்டோம் என்று சின்ன முனைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மத்தியானம் நாலாவது தடவை குடத்தைக் கழற்றியபோது உள்ளே முனை முதல் முனை வரை நீலப் புள்ளிகள் பரவலாக இருந்தன. முக்கால் பங்குக்கு மேல். அப்பு கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். "இனிப் பள்ளத்தை வெட்டுங்கள்" என்றார். வேறு பாராட்டு ஒன்றும் இல்லை.

கீ பள்ளம் கூம்பின் பெரிய முனைவரை போகக்கூடாது. அதற்கு முன்பே நின்று, கரண்டி போல மெல்ல மேலே ஏறி முடிய வேண்டும். தண்டுகள் முறிவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தின் முன் முனையில் தொடங்கும் வெடிப்பால்தான். கீயின் மேல்முகம் குடத்துப் பள்ளத்தின் அடியைத் தொடவும் கூடாது. தொட்டால் குடம் கூம்பில் இராது, கீயின் மேல் ஏறி இருக்கும். இதைப் பார்க்க லேசான வழி: முதலில் கீ இல்லாமல் குடத்தை ஏற்றி, அது நின்ற இடத்தைத் தண்டில் பேனையால் கோடு போடுங்கள். பிறகு கீயைப் போட்டு ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வந்தால் சரி. வராவிட்டால் கீ இடிக்கிறது.

கணினி லேத்தில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கூம்பு அங்கே ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் உளி மூக்கின் வளைவுக்கு ஈடு கொடுக்கும் கட்டளையை மறந்தால், 0.8 மி.மீ. மூக்குக்கு 1:10 கூம்பின் விட்டம் ஏறக்குறைய 0.08 மி.மீ. தடிப்பாக நிற்கும். கோணம் சரி, நீலமும் வடிவாகத் தொடும். ஆனால் புரொப்பெல்லர் 0.8 மி.மீ. பின்னால் நிற்கும். கனடா, அமெரிக்காவில் இருக்கிற வாசகர்கள் வேறொன்றையும் கவனியுங்கள். உங்கள் பக்கத்தில் எஸ்ஏஇ தரத்தின்படி சிறு தண்டுகளுக்கு அடிக்கு முக்கால் அங்குலம், அதாவது 1:16. இங்கிலாந்தில் அங்குல அளவுப் படகுகளில் 1:12 காணலாம். எந்தக் கூம்பு என்று கேட்காமல் உளியைத் தொடாதீர்கள்.

திங்கட்கிழமை காலை மீனவர் வந்தார். நட்டை இறுக்குமுன் குடத்துக்குள் இருந்த நீலத்தை அவருக்குக் காட்டினோம். பிழை எங்களுடையது என்பதையும் எங்கள் வாயாலேயே சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றோம். அவருக்குச் சீநோர் தெரிந்திருந்தது. காரைநகரில் நோர்வே உதவியோடு படகு கட்டிய அதே சீநோர்தான். சின்ன வயதில் அதற்கென்று காசு சேர்த்த ஞாபகம் இருக்கிறதாம். எங்களில் ஒருவர் குருநகர்க்காரர். அவருடைய கண் கலங்கிவிட்டது. மீனவர் அதைப் பார்க்காத மாதிரி, தண்டின் மறு முனையைத் தூக்கப் பிடித்தார்.

அந்தப் படகு பிறகு மூன்று பருவம் தொழிலுக்குப் போய்விட்டது. போன வருடம் கரையில் ஏற்றியபோது புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தோம். கீயின் பக்கங்கள் நாங்கள் அரத்தால் ராவிய கோடு அழியாமல் இருந்தன. அது ஒரு பாரமும் சுமக்கவில்லை.

அப்பு இப்போது ஓய்வில் இருக்கிறார். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாவிட்டாலும், செய்த வேலை அனுபவத்தைக் காட்டித் தொழிற்சான்றிதழ்ப் பரீட்சை எழுத இந்த நாட்டில் வழி இருக்கிறது. அவர்தான் எங்களை அதற்குத் தள்ளினார். எங்களில் இருவர் எடுத்துவிட்டோம், மற்றவர் படிக்கிறார். போர்மன் அந்தச் சொல்லை இன்னும் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் கூம்பு வேலை வந்தால் எங்களிடம்தான் தருகிறார். "புரொப்பெல்லரையும் வரச் சொல்லுங்கள்" என்று நாங்கள் இப்போது கூச்சமில்லாமல் கேட்கிறோம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாசகர்களே. நீங்கள் எந்தத் தொழிற்சாலையில் நின்றாலும், ஒத்துப் பார்க்க வேண்டிய பொருளைக் கேட்பது உங்கள் வேலையில் ஒரு பாதி.

அடுத்த இதழில் கீ பள்ளம் வெட்டும் முறையையும், அகன்றுபோன பள்ளத்துக்குப் படிக்கீ செய்வதையும் விளக்குவோம். உங்கள் பட்டறை அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள்.

- பட்டறையார்